செக்கர் வீட்டு இரண்டு நாய்கள்

மருமகள் வீட்டுக்கு வந்த அன்று அவளோடு வந்தவை இரண்டு துணிப்பெட்டிகள், ஸ்பேனர்கள் அடுக்கிய ஓர் இரும்புப் பெட்டி, ஒரு நாய். துணிப்பெட்டிகள் வரும் என்று செக்கருக்குத் தெரியும். அவள் லிஃப்ட் மெக்கானிக் என்பதால் இரும்புப் பெட்டியையும் எதிர்பார்த்திருந்தார். நாயைப் பற்றி மட்டும் யாரும் ஒழுங்காகச் சொல்லவில்லை. கல்யாணப் பேச்சு நடந்தபோது மகன், "அவகிட்ட ஒரு நாய் இருக்குப்பா" என்று இருமலுக்கு நடுவே சொன்னதோடு சரி.

கறுப்பு நாய். ஒல்லி உடம்பு, ஓரிடத்தில் நிற்காத கண்கள். பெயர் மிளகு. வாசலில் நின்றபடியே மூக்கைத் தூக்கி, வீட்டின் பின்பக்கத்தை நோக்கி இரண்டு முறை மோப்பம் பிடித்தது. வேறு யாரும் கவனிக்கவில்லை. செக்கர் கவனித்தார். பின்பக்கம் இருந்தவை அவருடைய கோழிகள்.

இருபத்தாறு வருடமாக பஸ்ஸில் டிக்கெட் பரிசோதிப்பது அவர் வேலை. தெருவில் எல்லோருக்கும் அவர் செக்கர்தான். சந்தேகப்படுவதற்குச் சம்பளம் வாங்குகிற மனிதர் என்று மனைவி சொல்வாள். அந்தப் பழக்கம் சீருடையோடு கழன்று ஆணியில் தொங்குவதில்லை. சாவியைக் காணோம் என்றால் முதலில் மேஜையைத் தேட மாட்டார். சுற்றியிருப்பவர்களின் முகத்தைத்தான் பார்ப்பார்.

கோழிகள் ஏழு. எல்லாமே முட்டையிடும் பெட்டைகள். அவற்றுக்கு அவர் வைத்திருந்த பெயர்கள் பஸ் ரூட் நம்பர்கள். 'பதினாலு ஏ' எப்போதும் கடைசியாகத்தான் கூண்டுக்கு வரும். 'முப்பத்தொண்ணு' நிற்க வேண்டிய இடத்தில் நிற்காது. 'ஒன்பது' குண்டாக இருந்ததால் ஏறி இறங்கும்போதெல்லாம் மூச்சு வாங்கும். ஐந்து வருடமாக அவை பின்பக்கம் முழுக்க அவிழ்த்துவிட்ட மாதிரி திரிந்தன. அங்கே ஏற்கனவே ஒரு நாய் உண்டு. செம்பழுப்பு நிறம், ஒன்பது வயது. நாய் என்ன செய்கிறது என்று யார் கேட்டாலும் "சும்மா இருக்கு" என்று பதில் சொல்லிச் சொல்லி அதன் பெயரே சும்மா என்றாகிவிட்டது. தண்ணீர்த் தொட்டிக்குக் கீழே, கூண்டை ஒட்டி, அது நாள் முழுக்கப் படுத்திருக்கும். கோழிகள் அதன் முதுகில் ஏறி நின்று இறகு கோதும்.

"வாயில விரலை வெச்சாக்கூடக் கடிக்கத் தெரியாது அவனுக்கு" என்பது செக்கர் அதற்குக் கொடுத்திருந்த நற்சான்று.

முதல் நாள் மாலையே மருமகள் அவரிடம் பேச வந்தாள்.

"மாமா, இவளுக்குக் கோழின்னா புதுசு. பழகறதுக்கு ரெண்டு மூணு மாசம் ஆகும். அதுவரைக்கும் கோழிங்க கூண்டுக்குள்ளயே இருக்கட்டும். நான் கூட இல்லாம இவளைப் பின்பக்கம் விட வேண்டாம்."

"என் கோழி உள்ள, உன் நாய் வெளியவா?"

"இல்ல மாமா, நான் வேலைக்குப் போறப்ப இவ எங்க ரூமுக்குள்ள. இன்னொண்ணும் சொல்லிடறேன். கதவுக் கைப்பிடியை அழுத்தித் திறக்க இவளுக்குத் தெரியும். அதனால வெளிப்பக்கம் தாழ்ப்பாள் போட்டுட்டுத்தான் போவேன்."

அவள் மறைக்காமல் சொன்னாள். ஆனால் செக்கருக்கு மூக்கில் வியர்த்தது. தானாக முன்வந்து உண்மை பேசுகிற பயணிகளை அவருக்கு நன்றாகத் தெரியும். பெரிய உண்மை ஒன்றைப் பைக்குள் வைத்துக்கொண்டுதான் சின்ன உண்மையை நீட்டுவார்கள்.

"கைப்பிடியைத் திறக்கிற நாய் கூண்டுக் கொண்டியைத் திறக்காதா?" என்றார் மனைவியிடம்.

"வந்து ஒரு நாள் ஆகல. அதுக்குள்ள அதுக்கு அபராதம் போடணுமா உங்களுக்கு?" என்று சொல்லிவிட்டு அவள் ஊசியில் நூல் கோத்தாள். துணிக்கடை ஒன்றில் உடுப்புகளை அளவு மாற்றித் தைத்துக் கொடுப்பது அவள் வேலை; வீட்டுக்கும் கொஞ்சம் கொண்டுவருவாள்.

மறுநாள் காலையிலிருந்து பாடம் ஆரம்பமானது. மருமகள் நாயின் வயிற்றை முதலில் நிரப்பி, வாரைக் குட்டையாகப் பிடித்து, கூண்டிலிருந்து இருபதடி தள்ளி உட்காருவாள். நாய் கோழிகளை முறைத்துப் பார்க்கும். அவள் ஒன்றும் சொல்ல மாட்டாள். அதுவாக முகத்தைத் திருப்பி அவளைப் பார்த்ததும் ஒரு துண்டு பிஸ்கட். மூன்று நாளைக்கு ஒருமுறை ஓரடி முன்னால் நகர்வாள்; பத்தடிக்கு மேல் நெருங்க மாட்டாள். கூண்டின் கம்பிவலையை ஓரடி ஆழத்துக்கு மண்ணுக்குள் இறக்கியதும் அவள்தான். செக்கர் பல் தேய்த்தபடி தூரத்தில் நின்று கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு பார்ப்பார். ஒரு மாதத்தில் நாய் பத்தடி தூரத்தில் உட்கார்ந்து வேறெங்கோ வேடிக்கை பார்க்கக் கற்றுக்கொண்டது.

"பார்த்தீங்களா மாமா, எவ்வளவு அமைதி."

"டிக்கெட் எடுக்காதவன் இப்படித்தான் ஜன்னலுக்கு வெளிய பார்ப்பான்" என்றார் செக்கர்.

மருமகள் சிரித்தாள். அவர் சிரிக்கவில்லை.

இரண்டாவது மாதத்தில் தடயங்கள் கிடைக்கத் தொடங்கின. ஒருநாள் மிளகின் மூக்கு நுனியில் வெள்ளை இறகுத் துணுக்கு. காற்றில் பறந்து வந்ததாக இருக்கும் என்றாள் மருமகள். இன்னொரு நாள் அவர் வேலை முடிந்து வந்தபோது கூண்டுக் கதவின் கொண்டி மேலே தூக்கியபடி இருந்தது. காலையில் மாட்டியது அவருக்கு நன்றாக நினைவிருந்தது. மனைவியிடம் ஒரு சிவப்பு நூல் வாங்கி மறுநாள் கொண்டியில் சுற்றிவிட்டுப் போனார். மதியம் வந்து பார்த்தால் நூல் அறுந்து கிடந்தது. சும்மா தொட்டிக்கடியில் படுத்தபடி அவரைப் பார்த்து வாலை இரண்டு தட்டுத் தட்டியது. செக்கர் குனிந்து அதன் தலையைத் தடவி, "நீயாவது பார்த்துச் சொல்லக் கூடாதா?" என்று கேட்டார்.

புதன்கிழமை மதியம் அது நடந்தேவிட்டது.

வீட்டில் யாரும் இல்லை. மகன் அச்சகத்தில், மருமகள் ஏதோ ஆஸ்பத்திரி லிஃப்டில், மனைவி கடையில். காலை ஷிஃப்ட் முடிந்து இரண்டரை மணிக்கு வந்த செக்கர் சைக்கிளை நிறுத்தும்போதே பின்பக்கத்தில் கோழிகள் கூப்பாடு போடுவது கேட்டது. ஓடினார். கூண்டுக் கதவு திறந்து கிடந்தது. முப்பத்தொண்ணு என்ற கோழி துவைக்கிற கல்லுக்குப் பக்கத்தில் கழுத்து மடங்கிக் கிடந்தது. அதன் தலைமாட்டில் மிளகு நின்றுகொண்டிருந்தது. வாயோரம் இறகு ஒட்டியிருந்தது. சும்மா வழக்கமான இடத்தில், வழக்கம்போல.

அவர் மிளகின் கழுத்துப்பட்டையைப் பிடித்து இழுத்துக்கொண்டுபோய் அறைக்குள் தள்ளினார். பின்பக்கம் திறக்கும் அந்த அறைக் கதவும் திறந்துதான் கிடந்தது. கோழியை எடுத்துச் சுவரோரம் குழி வெட்டிப் புதைத்தார். பிறகு கை கழுவிக்கொண்டு, மளிகைக் கடைக்காரரிடம் போய் எல்லாவற்றையும் சொன்னார். மளிகைக் கடைக்காரரிடம் சொன்னால் தெருவுக்கே சொன்ன மாதிரி.

மாலையில் மருமகள் வந்து கேட்டது ஒரே ஒரு கேள்வி.

"நீங்க பார்த்தீங்களா மாமா?"

"பார்க்கணுமா? வாயெல்லாம் இறகு."

"கடிச்சதைப் பார்த்தீங்களான்னு கேட்டேன். கோழியைக் கொஞ்சம் பார்க்கலாமா?"

"புதைச்சாச்சு."

"அதுக்குள்ளயா?"

அவள் அவரை ஒரு மாதிரி பார்த்தாள். "காலையில தாழ்ப்பாள் போட்டேன் மாமா. நல்லா ஞாபகம் இருக்கு" என்றாள்.

"அப்ப அதுவா எப்படித் திறந்துச்சு?"

"அதைத்தான் நானும் யோசிக்கறேன்."

மகன் நடுவில் புகுந்து ஏதோ சொல்லவந்தான். மனைவி அவன் கையைப் பிடித்து அழுத்தினாள். சண்டை வரும் என்றுதான் செக்கர் எதிர்பார்த்தார். அதற்கான வார்த்தைகளையும் தயாராக வைத்திருந்தார். ஆனால் மருமகள், "ஞாயித்துக்கிழமை அக்கா வீட்டுல கொண்டுபோய் விட்டுடறேன். அங்க கோழி கிடையாது" என்று சொல்லிவிட்டு உள்ளே போய்விட்டாள்.

இவ்வளவு சுலபமாக யாராவது ஒப்புக்கொள்வார்களா? அதுவே செக்கரை உறுத்தியது. வியாழக்கிழமை முழுக்க அவள் முகம் கொடுத்துப் பேசவில்லை. தட்டை வைத்தாள், தண்ணீர் வைத்தாள், போய்விட்டாள். தன் நாய் குற்றம் செய்ததென்றால் கூச்சம் இருக்க வேண்டும். அவள் பார்வையில் கூச்சம் இல்லை. இவர்தான் ஏதோ செய்துவிட்ட மாதிரி பார்த்தாள். கையும் களவுமாகப் பிடித்து அவள் முன்னால் நிறுத்தாவிட்டால் இந்தப் பார்வை மாறாது என்று அவருக்குப்பட்டது.

வெள்ளிக்கிழமை காலை சீருடை போட்டு, தொப்பி வைத்து, எல்லோரும் பார்க்கக் கிளம்பினார். தெருமுனையில் நின்று போனில் லீவு சொன்னார். மகன், மருமகள், மனைவி ஒவ்வொருவராகப் போனதும் பின்சந்து வழியாக வந்து, சாமான் அறைக்குள் புகுந்து, கதவைச் சாத்திக்கொண்டார். கவிழ்த்துப் போட்ட வாளியில் உட்கார்ந்தால் ஜன்னல் இடுக்கில் கூண்டும் தொட்டியும் துவைக்கிற கல்லும் நன்றாகத் தெரிந்தன. கையில் துடைப்பக் கட்டை.

ஒரு மணி நேரம் ஒன்றும் நடக்கவில்லை. சீருடைக்குள் வியர்வை வழிந்தது. கால் மரத்துப்போனது. சொந்த வீட்டில் திருடன் மாதிரி உட்கார்ந்திருக்கிறோமே என்று ஒரு கணம் வெட்கமாகக்கூட இருந்தது.

அப்போது பின்பக்கத்து அறைக் கதவிலிருந்து சத்தம் வந்தது. கைப்பிடி கீழே இறங்கி மேலே ஏறும் சத்தம். மறுபடியும். ஒவ்வொரு முறையும் கதவு குலுங்கியது. நாலாவது குலுக்கலில் தாழ்ப்பாள் தானாகக் கழன்று டக்கென்று விழுந்தது. அது பழைய தாழ்ப்பாள். சுவரில் அதற்கான ஓட்டை ஆழம் போதாது. ஓட்டை போட்டவர் செக்கர்தான்.

மிளகு வெளியே வந்தது. வா, வா என்று மனதுக்குள் சொல்லிக்கொண்டு அவர் கட்டையை இறுக்கினார். அது நேராகக் கூண்டுக்குப் போகவில்லை. பத்தடி தள்ளி, காலையில் உட்காரும் அதே இடத்தில் உட்கார்ந்தது. கோழிகளைப் பார்த்தது. பிறகு, பிஸ்கட் கொடுக்க ஆள் இருப்பதுபோல, முகத்தைத் திருப்பிக்கொண்டது.

எழுந்தது சும்மாதான்.

அது எழுந்த வேகமே அவருக்குப் புதிது. சோம்பல் முறிக்கவில்லை. காதுகள் முன்னால் சாய்ந்திருந்தன. மிளகிடம் போய் ஒரு சுற்றுச் சுற்றி, முன்னங்கால்களை மடக்கிக் குனிந்து, விளையாட்டுக்குக் கூப்பிட்டது. மிளகு துள்ளி எழுந்தது. இரண்டும் கூண்டைச் சுற்றி ஓடின. கோழிகள் உள்ளே சிறகடித்தன. அந்தச் சிறகடிப்பில் சும்மாவின் உடம்பு முழுக்க ஒரு நடுக்கம் ஓடியதை அவர் பார்த்தார். அது கூண்டுக் கதவருகே நின்று, மூக்கைக் கொண்டிக்கு அடியில் கொடுத்து, ஒரே தூக்கு. தினமும் செய்கிறவனின் கைப்பழக்கம் அதில் இருந்தது.

செக்கரால் உடனே எழுந்திருக்க முடியவில்லை. மரத்த கால் மட்டும் அதற்குக் காரணமில்லை. கண் பார்த்ததை மனசு வாங்கிக்கொள்ள மறுத்தது. பதினாலு ஏ அலறிக்கொண்டு வெளியே ஓடிவந்தபோது, சும்மா ஒரு பாய்ச்சலில் அதன் பின்பகுதியைக் கவ்விவிட்டது. அப்போதுதான் அவர் கதவை உதைத்துத் திறந்துகொண்டு ஓடினார்.

"டேய், விடு. விடுடா."

சும்மா விட்டுவிட்டது. கோழி வாலிறகுகளைப் பறிகொடுத்துவிட்டு, உயிரோடு மதிலோரம் போய் ஒடுங்கியது. மிளகு வந்து கீழே கிடந்த இறகுகளை முகர்ந்து, ஒன்றை வாயில் எடுத்து, பிடிக்காமல் துப்பியது. ஓர் இறகு உதட்டில் ஒட்டிக்கொண்டது. சும்மா தொட்டிக்கடியில் போய்ப் படுத்து, அவரைப் பார்த்து வாலை இரண்டு தட்டுத் தட்டியது.

அவர் கோழிகளை உள்ளே விரட்டிக் கொண்டியில் கம்பியைச் சுற்றினார். மிளகை அறையில் விட்டுத் தாழ்ப்பாள் போட்டு, அதற்கு ஒரு நாற்காலியை முட்டுக் கொடுத்தார். பிறகு துவைக்கிற கல்லில் வெகுநேரம் உட்கார்ந்திருந்தார். யாரும் பார்க்கவில்லை. ஞாயிற்றுக்கிழமை மிளகு போய்விடும். அது போய்விட்டால் சும்மா பழையபடி ஆகிவிடும். ஆகிவிடுமா? அந்த ஒற்றைத் தூக்கு நினைவுக்கு வந்ததும் எழுந்து போய், கொண்டியில் சுற்றிய கம்பியை இன்னொரு முறுக்கு முறுக்கினார்.

மதியம் மகன் வந்த பிறகும் நாற்காலி அங்கேயே இருந்தது. அவன் அதை நகர்த்திவிட்டு அறைக்குள் போனான். மாலையில் மனைவி கூண்டுப் பக்கம் போய்விட்டு வந்தாள்.

"பதினாலு ஏ வால் எங்கங்க? மொட்டையா நிக்குது."

"கம்பியில மாட்டிக்கிச்சு போல" என்றார் செக்கர்.

சாப்பிட்டுக்கொண்டிருந்த மருமகள் தலையைத் தூக்கி அவரைப் பார்த்துவிட்டு, மறுபடி தட்டைப் பார்த்தாள். எத்தனையோ பேர் தன்னிடம் பொய் சொல்லும்போது கழுத்தில் எச்சில் இறங்குவதைப் பார்த்து அவர் கண்டுபிடித்திருக்கிறார். இப்போது தன் கழுத்தில் அது இறங்குவது தெரிந்தது.

சனிக்கிழமை காலை மருமகள் குழாயடியில் மிளகின் படுக்கைத் துணியை அலசிக்கொண்டிருந்தாள். அக்கா வீட்டுக்குக் கொடுத்துவிட. செக்கர் போய்ப் பக்கத்தில் நின்றார்.

"பார்த்தீங்களான்னு அன்னைக்குக் கேட்டியேம்மா. அன்னைக்குப் பார்க்கல. நேத்துப் பார்த்தேன்."

எல்லாவற்றையும் சொன்னார். வாளியில் உட்கார்ந்ததை, தாழ்ப்பாள் நாலு குலுக்கலில் விழுந்ததை, கொண்டியை யார் தூக்கியது என்பதை. மனைவியிடம் வாலைப் பற்றிச் சொன்ன பொய்யையும் சொன்னார். மருமகள் குழாயை மூடினாள்.

"நான் வேற மாதிரி நினைச்சேன் மாமா."

"எப்படி?"

"சொன்னா கோவிச்சுக்குவீங்க."

"சொல்லும்மா."

"நீங்கதான் ரெண்டு கதவையும் திறந்து விட்டீங்கன்னு நினைச்சேன். இவளை வெளிய அனுப்பறதுக்காக. கோழியை உடனே புதைச்சதும், அதுக்குத்தான்னு தோணுச்சு. அவ்வளவு தூரம் போறவங்க இருக்கிற வீட்டுல இவளை வெச்சிருக்க பயமா இருந்துச்சு. அதான் சண்டை போடாம சரின்னு சொல்லிட்டேன்."

செக்கருக்கு முதலில் கோபம்தான் வந்தது. என்னையா, என் கோழியை நானே கொல்லக் கொடுப்பேனா என்று கேட்க வாயெடுத்தார். ஆனால் அவள் இடத்தில் தான் இருந்திருந்தால் முதல் நாளே அப்படித்தான் நினைத்திருப்போம் என்பது அதற்குள் அவருக்குத் தெரிந்துவிட்டது.

"அந்தத் தாழ்ப்பாளை ஒருதடவை ஆட்டிப் பார்த்திருந்தா எனக்குத் தெரிஞ்சிருக்கும்" என்றாள் அவள். "வேலையில இப்படி விட்டிருந்தா என்னைத் தூக்கியிருப்பாங்க. உங்க மேல இருந்த சந்தேகத்துல அதைத் தொடவே இல்ல."

"நான் கோழியைத் திருப்பிக்கூடப் பார்க்கல."

"அஞ்சு வருஷமா இல்லாம இப்ப எப்படின்னுதானே யோசிக்கறீங்க? தனியா இருக்கிறப்ப அவன் அவன்தான் மாமா. இன்னொரு நாய் சேர்ந்தா, அது வேற ஆள். ரெண்டு பேருக்கும் வெறி ஏறும். அவன் மேலயும் தப்பு சொல்ல முடியாது. நான் இவளுக்கு மட்டும் பாடம் நடத்தினேன் பாருங்க, அங்க இருக்கு தப்பு."

மனைவியிடம் சொன்னபோது அவள் மூன்று நாள் நம்பவில்லை. என் சும்மாவா, என் சும்மாவா என்று அதன் முகத்தைக் கையில் ஏந்திக் கேட்டுக்கொண்டே இருந்தாள். அதுவும் அவள் மூக்கை நக்கிக்கொடுத்தது.

ஞாயிற்றுக்கிழமை மிளகு எங்கும் போகவில்லை. அன்று மருமகள் இரும்புப் பெட்டியைத் திறந்தாள். கூண்டு வாசலுக்கு முன்னால் ஓர் ஆள் நிற்கிற அளவுக்கு இன்னொரு சின்னக் கூண்டு கட்டி, அதற்கொரு கதவு வைத்தாள். ஒரு கதவு சாத்தினால்தான் மறு கதவு திறக்கும். லிஃப்டில் இருக்கிற ஏற்பாடுதான் என்றாள். கொண்டிக்குப் பதிலாக, அழுத்தித் திருப்பினால் மட்டும் திறக்கும் ஸ்பிரிங் பூட்டு. தாழ்ப்பாள் ஓட்டையைச் செக்கர் ஆழமாக்கினார். ஆழமாக்கிய பிறகு ஆளாளுக்கு ஆட்டிப் பார்த்தார்கள்.

இரண்டு நாயும் ஒரே நேரத்தில் பின்பக்கம் வரக் கூடாது என்று சட்டம் போட்டார்கள். தொட்டிக்கடியில் இருந்த இடம் சும்மாவிடமிருந்து பறிபோயிற்று. முன்பக்கம் படிக்குக் கீழே சாக்கு விரித்தார்கள். ஒன்பது வயதில் அதன் கழுத்தில் முதன்முறையாக வார் ஏறியது. வாரைப் பிடித்துக்கொண்டு இருபதடி தள்ளி உட்கார்ந்தவர் செக்கர். அது கோழிகளைவிட பிஸ்கட்டைத்தான் முறைத்துப் பார்த்தது. "இவன் சீக்கிரம் பாஸ் ஆயிடுவான் மாமா" என்றாள் மருமகள். அவர் நம்பவில்லை.

மளிகைக் கடைக்காரர் ஒருநாள், "அந்தக் கறுப்பு நாயைத் தொலைச்சாச்சா?" என்று கேட்டார்.

"இல்ல. கொன்னது அது இல்ல. என்னோடது" என்றார் செக்கர். கடையில் நாலு பேர் நின்றிருந்தார்கள். சொல்லிவிட்டு, வாங்கவந்த சோப்பை மறந்துவிட்டு வந்தார்.

ஐந்தாவது மாதத்தில் கோழிகளுக்கு மாலை ஒரு மணி நேரம் விடுதலை கிடைத்தது. ஒருநாள் ஒரு நாய், மறுநாள் மற்றது. வார் ஒருவர் கையில் இருக்க வேண்டும். ஒருநாள் மிளகின் முறை. மருமகளுக்குப் போன் வந்தது. எங்கோ ஒரு கட்டடத்தில் இரண்டு பேர் லிஃப்டுக்குள் மாட்டிக்கொண்டார்களாம்.

"மாமா, இவளைக் கொஞ்சம் பிடிங்க. நான் ஓடணும்."

"சும்மா எங்க இருக்கான்?"

"முன்பக்கம். கட்டியிருக்கு."

"நீ கட்டினியா, உன் புருஷன் கட்டினானா?"

"உங்க பையன் கட்டினாரு."

"அப்ப ஒருதடவை பார்த்துட்டுப் போ."

அவள் முன்பக்கம் போய்ப் பார்த்து, "கட்டித்தான் இருக்கு மாமா" என்று அங்கிருந்தே குரல் கொடுத்துவிட்டு வண்டியைக் கிளப்பினாள்.

செக்கர் வாரை உள்ளங்கையில் இரண்டு சுற்றுச் சுற்றிக்கொண்டு முக்காலியில் உட்கார்ந்தார். மிளகோடு அவர் தனியாக உட்காருவது அதுதான் முதல் தடவை. குண்டுக் கோழி 'ஒன்பது', மூச்சு வாங்கிக்கொண்டு எதிரே கடந்து போயிற்று. மிளகு அதைப் பார்த்தது. வார் லேசாக இறுகியது. பிறகு அது திரும்பி அவர் முகத்தைப் பார்த்தது. பிஸ்கட் டப்பா எங்கே என்று அவருக்குத் தெரியவில்லை. "இரு, இரு. அவ வந்ததும் வாங்கிக்க" என்று சொல்லி அதன் காதுக்குப் பின்னால் சொறிந்துகொடுத்தார். கண்ணை மட்டும் அதன் மேலிருந்து எடுக்கவில்லை.